பெர்ஷெரோன் தமனி அடைப்பு

பெர்ஷெரோன் தமனி என்பது, மூளையின் ஆழத்தில் இருபுறமும் உள்ள தலாமஸ்களுக்கு ஒரே காம்பாகக் கிளம்பி ரத்தம் தரும் அரிய தமனி. இதை 1970களில் விவரித்த பிரெஞ்சு நரம்பியலாளர் ழெரார் பெர்ஷெரோனின் பெயரையே தாங்கியிருக்கிறது.

வழக்கமாக மூளையடித் தமனி உச்சியில் இரண்டாகப் பிரியும். ஒவ்வொரு கிளையும் தன் பக்கத்துத் தலாமஸின் உட்பகுதிக்கு மெல்லிய குழாய்களை அனுப்பும். பெர்ஷெரோன் அமைப்பில் ஒரு பக்கத்திலிருந்து எழும் ஒற்றைக் காம்பே கவடுவிட்டு இருபுறமும் செல்கிறது. சிலருக்கு நடுமூளையின் மேற்பகுதியும் அதையே நம்பியிருக்கும். இது நோயன்று, ரத்தக்கட்டி வந்து அடைக்கும்வரை இப்படியொரு அமைப்பு இருப்பதே தெரியாது.

அடைத்தால், விழிப்பைக் காக்கும் பகுதி இருபுறமும் ஒருசேரப் பாதிக்கப்படுகிறது. பல நேரம் வாய் கோணாது, கை துவளாது. நோயாளி தூங்குகிறார், தட்டி எழுப்பினால் கண் திறந்து மீண்டும் தூங்கிவிடுகிறார். களைப்பு என்று வீட்டார் விட்டுவிட, சிகிச்சைக்கான நேரம் கரைகிறது. மருத்துவமனையிலும் சர்க்கரைத் தாழ்வு, தூக்க மாத்திரை, மூளைக்காய்ச்சல் என்றே முதலில் தேடுவார்கள். முதல் சி.டி. ஸ்கேன் பெரும்பாலும் இயல்பாகவே தெரியும். அந்த நேரத்தில் இமையைத் தூக்கி, விழிகள் மேலும் கீழும் அசைகின்றனவா என்று பார்க்க வேண்டும்; அசையாவிட்டால் அது பெரிய துப்பு. எம்.ஆர்.ஐ.யின் டிஃப்யூஷன் படத்தில் இரு தலாமஸ்களும் பளிச்சென வெண்மையாகத் தெரியும். மூளையின் ஆழ்சிரை அடைப்பிலும் இதை ஒத்த தோற்றம் வரும். அதற்குச் சிகிச்சை வேறு என்பதால் சிரைகளையும் படமெடுக்க வேண்டும்.

கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து 4.5 மணி நேரத்துக்குள் வந்து, ரத்தக்கசிவு இல்லையென உறுதியானால், கட்டியைக் கரைக்கும் ஊசி போடலாம். ஆல்டிபிளேஸ் என்றால் எடை கிலோவுக்கு 0.9 மில்லிகிராம், உச்சம் 90 மில்லிகிராம். பத்தில் ஒரு பங்கை உடனே செலுத்தி, மீதியை ஒரு மணி நேரத்தில் ஏற்றுவார்கள். கதீட்டர் விட்டுக் கட்டியை இழுக்க இத்தமனி மிக மெல்லியது. ஆனால் கட்டி மூளையடித் தமனியின் உச்சியிலேயே உட்கார்ந்திருந்தால் இழுத்தெடுக்க முடியும். ஆகவே சி.டி. ஆஞ்சியோகிராமைத் தவிர்க்கக் கூடாது. பிறகு இதயத் துடிப்பொழுங்கைக் கண்காணித்து, கட்டி எங்கிருந்து வந்தது என்று தேடுவார்கள்.

நடுமூளை தப்பியவர்கள் பெரும்பாலும் எழுந்து நடந்துவிடுகிறார்கள். ஆனால் சிலருக்குக் காலையில் சாப்பிட்டது மதியம் நினைவிருக்காது; யாராவது சொல்லாமல் எதையும் தாமாகத் தொடங்கமாட்டார்கள்.