ரிப்பன் மாளிகையும் நம்ம தீர்மான நோட்டும்



கண்காட்சியில் குழுப் பொருள் விற்க ஒரு தடவை சென்னைக்குப் போனோம். சென்ட்ரல் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தா, பக்கத்திலேயே வெள்ளை வெளேர்னு பெரிய கட்டடம், நடுவுல மணிக்கூண்டு. "ராஜா அரண்மனை போலிருக்கு"ன்னு கூட வந்த அக்கா சொன்னாங்க. அரண்மனை இல்லை, அதுதான் சென்னை மாநகராட்சி அலுவலகம், ரிப்பன் மாளிகை. ஊருக்கு வந்து அதைப் பத்திப் படிச்சேன். மலருக்குக் கட்டுரை கேட்டதும் அதையே எழுத உட்கார்ந்துட்டேன்.

சென்னை மாநகராட்சி 1688-ல் தொடங்கினது. இந்தியாவிலேயே பழைய மாநகராட்சி அதுதான். ஆனா இந்த மாளிகை அவ்வளவு பழசு இல்லை. 1909 டிசம்பரில் மிண்டோ பிரபு அடிக்கல் நாட்டினார். லோகநாத முதலியார் என்கிற காண்ட்ராக்டர் கட்டினார். அந்தக் காலத்திலேயே ஏழரை லட்சம் ரூபாய் செலவு. 1913-ல் திறந்தாங்க.

ரிப்பன் என்பவர் 1880 முதல் 1884 வரை இந்தியாவில் வைஸ்ராயா இருந்த வெள்ளைக்காரர். ஊர்க் காரியத்தை ஊர் மக்களே பார்க்கணும், அதுக்கு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கணும்னு 1882-ல் ஒரு தீர்மானம் கொண்டு வந்தார். அதனால்தான் அவர் பேரை வச்சாங்க. அடிக்கல் நாட்டுறதுக்குச் சில மாசம் முன்னாடியே அவர் இறந்துட்டார். கட்டடத்தை அவர் பார்க்கவே இல்லை.

எனக்கு மனசுல நின்னது கட்டடத்தோட அழகு இல்லை, 1920-ல் நடந்த ஒரு விஷயம். அப்போ மாநகராட்சித் தலைவரா இருந்தவர் சர் பிட்டி தியாகராயர். ஏழைப் பிள்ளைங்க பசியால பள்ளிக்கூடம் வர்றதில்லைன்னு, ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் காலைச் சாப்பாடு போட மன்றத்தில் தீர்மானம் போட்டாங்க. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஒரு அணாவுக்கு மேல போகக் கூடாதுன்னு கணக்கு. பிறகு மத்த சில பள்ளிக்கும் கொடுத்தாங்க. அந்தச் செலவை ஆங்கிலேய அரசாங்கம் ஒத்துக்காததால 1925-ல் நிறுத்த வேண்டியதாச்சு. பின்னால மறுபடி தொடங்கினாங்க.

2022-ல் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் வந்தப்போ, கிராமத்துப் பள்ளிகளில் சமைக்கிற வேலை நம்மள மாதிரி குழுப் பெண்களுக்குத்தான் கிடைச்சது. விடியறதுக்கு முன்னால எழுந்து ரவை வறுக்கிற நம்ம சகோதரிகளுக்கு, நூறு வருசத்துக்கு முன்னாலேயே இப்படி ஒரு தீர்மானம் போட்டாங்கன்னு தெரிஞ்சா சந்தோஷமா இருக்கும்.

ஆனா பிள்ளைங்க சாப்பாட்டைப் பத்தி முடிவு எடுக்கிற அந்த இடத்துக்குத் தலைமையா ஒரு பெண் வர ரொம்ப காலம் ஆச்சு. 1957-ல் தாரா செரியன் முதல் பெண் மேயர் ஆனாங்க. மாநகராட்சி தொடங்கி 269 வருசம் கழிச்சு! அப்புறம் 1971-ல் காமாட்சி ஜெயராமன். மூணாவதா 2022-ல் பிரியா ராஜன், பட்டியலினத்திலிருந்து வந்த முதல் பெண் மேயர். இன்னைக்குத் தமிழ்நாட்டு உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் சட்டப்படி இருக்கு.

இதையெல்லாம் படிச்சப்போ எனக்கு வெட்கமா இருந்தது. குழுவில் சேர்ந்த புதுசுல, கூட்டத்துக்குப் போகாமலே வீட்டுக்கு வர்ற தீர்மான நோட்டில் கையெழுத்து போட்டுக் கொடுத்துடுவேன். அடுப்பு வேலையில் படிக்க ஏது நேரம்? ஒரு தடவை உள்கடன் முறையை மாத்தி எழுதியிருந்தாங்க. ஆடு வாங்க எனக்கு வர வேண்டிய கடன் தள்ளிப் போச்சு. போய்க் கேட்டேன். "நீங்களும்தான் கையெழுத்து போட்டிருக்கீங்க"ன்னு நோட்டைக் காட்டினாங்க. பதில் சொல்ல முடியல.

அதுக்கப்புறம் ஒரு கூட்டத்தையும் விடுறதில்லை. நமக்கு மணிக்கூண்டு வச்ச மாளிகை இல்லை, பாய் விரிச்சுதான் உட்கார்றோம். ஆனா அங்கேயும் இங்கேயும் எழுதுறது தீர்மானம்தான். அதனால சகோதரிகளே, அடுத்த கூட்டத்தில் நோட்டை உரக்கப் படிக்கச் சொல்லுங்க. புரியலைன்னா ரெண்டாவது தடவையும் கேளுங்க. அப்புறம் கையெழுத்து போடுங்க.