ஆட்டப் பதிவுகளும் இசையுரிமையும்: ஒரு வரலாற்று ஆய்வு

மூலநூலைத் தன்னகத்தே கொண்டு நடப்பது உரை. உரையாசிரியர் மூலத்தை முன்வைத்து, அதன்பின் பொருளும் விளக்கமும் மேற்கோளும் கூறிச் செல்வர். மூலத்தை எடுத்துவிடின் உரைக்கு நிற்க இடமில்லை. இக்காலத்து வீடியோ விளையாட்டுத் துறையில் தோன்றியுள்ள ஒருவகைப் படைப்பு இவ்வகையில் உரையோடு ஒப்புநோக்கத் தக்கது. ஒருவர் ஒரு விளையாட்டைத் தொடக்கம் முதல் இறுதிவரை ஆடுகின்றார். ஆடுங்கால் திரையில் தோன்றும் காட்சிகளையும் எழும் ஒலிகளையும் பதிவு செய்கின்றார். தம் பேச்சையும் உடன்சேர்த்து யூடியூப், ட்விட்ச் முதலிய தளங்களில் வெளியிடுகின்றார். இதனை ஈண்டு ‘ஆட்டப் பதிவு’ என வழங்குவாம்.

இப்பதிவுகளின்மேல் எழும் உரிமைக் கோரிக்கைகளுட் பல இசை பற்றியன. விளையாட்டை ஆக்கிய நிறுவனம் பதிவுக்கு இசைந்திருப்பவும், அதனுள் ஒலிக்கும் இசைக்கு உரியவர் என வேறொருவர் வந்து கோருதல் நிகழ்கின்றது. இந்நிலை எவ்வாறு உண்டாயிற்று? இத்தகைய வழக்கினைத் தீர்க்கும் முறை காலந்தோறும் எவ்வாறு மாறிற்று? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண்டலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. ஏடும் அரங்கும்

இங்கிலாந்தில் 1710-ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த ஆன் அரசியார் சட்டம் நூலாசிரியர்க்கு உரிமை வழங்கிற்று. இசையை அது பெயர்சுட்டி உரைக்கவில்லை. இலண்டனில் வாழ்ந்த யோகான் கிறிஸ்தியன் பாக் என்னும் இசைப்புலவர், தம் இசையை இசைவின்றி அச்சிட்ட லாங்மன் என்பார்மீது வழக்குத் தொடுத்தார். குறியீடுகளால் எழுதப்பெற்ற இசையும் எழுத்தின்பாற்படும் என மான்ஸ்ஃபீல்டு பெருமகனார் 1777-இல் தீர்ப்பளித்தார். இதனால் இசைக்கு உரிமை பிறந்தது. ஆயின் அவ்வுரிமை தாளின்மேல் நின்றதேயன்றிக் காற்றில் ஒலிக்கும் இசையைத் தொடவில்லை.

ஒலிக்கும் இசைபற்றிய புகழ்பெற்ற வழக்குப் பாரிசு நகரில் எழுந்தது. 1847-இல் எர்னெஸ்ட் பூர்ஷே என்னும் இசையமைப்பாளர் ஓர் உணவகத்தில் அமர்ந்திருந்தபொழுது, தம் படைப்பே அங்கு இசைக்கப்படுதலைக் கேட்டார். தமக்கு அவ்வுணவகத்தார் யாதும் தாராமையின், தாமும் அருந்தியதற்கு விலை தாரேன் என மறுத்தார். நீதிமன்றம் இசையமைப்பாளர் பக்கம் நின்றது. இதன் பயனாக 1851-இல் சாசெம் என்னும் இசையாளர் சங்கம் தோன்றிற்று. அமெரிக்காவிலும் 1917-இல் ஓர் உணவகத்தார், யாம் உணவுக்கே விலை பெறுகின்றோம், இசைக்கன்று என வாதிட்டனர். நீதிபதி ஹோம்ஸ் அதனை ஏற்றிலர்; இசையும் சேர்ந்தே வணிகத்திற்கு ஊதியம் தருகின்றது என்பது அவர் துணிபு.

இவ்விரு வழக்குகளும் நம் ஆய்விற்கு இன்றியமையாதன. பின்னணியில் ஒலிக்கும் இசை கணக்கில் வாராது என்னும் வாதம் நூறாண்டுகட்கு முன்னரே மறுக்கப்பட்டது என்பதும், இசையாளர் எளியவராய் நின்று தம் உரிமையைப் பெற்றனர் என்பதும் இவற்றாற் போதரும்.

2. கருவியும் திரையும்

தானே இசைக்கும் பியானோவில் இடும் துளைத்தாட் சுருள், இசையின் படியா அன்றா என்னும் ஐயம் அடுத்து எழுந்தது. படியன்று என அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1908-இல் கூறிற்று. மறு ஆண்டே சட்டம் திருத்தப்பட்டு, ஒவ்வொரு சுருளுக்கும் இசையமைப்பாளர்க்கு 2 சென்ட் தரவேண்டும் என விதிக்கப்பட்டது. பேசும்படம் தோன்றியபின், இசையைக் காட்சியோடு பிணைத்தற்குத் தனி இசைவு வேண்டப்பட்டது. 1972 முதல் அமெரிக்க ஒன்றியச் சட்டம், இசைப்படைப்பிற்கேயன்றி ஒலிப்பதிவிற்கும் உரிமை நல்கிற்று.

எனவே ஒரே பாடலில் அமைத்தவர் உரிமை ஒன்றும், பதிவு செய்தவர் உரிமை ஒன்றும் உளவாயின. அவற்றுள்ளும் அச்சிடல், அரங்கில் இசைத்தல், படியெடுத்தல், காட்சியோடு பிணைத்தல் எனக் கிளைகள் பலவாயின. ஒன்றிற்குப் பெற்ற இசைவு மற்றொன்றிற்கு ஆகாது. ஆட்டப் பதிவோ இக்கிளைகள் பலவும் வந்து கூடும் இடமாக அமைந்துள்ளது.

3. விளையாட்டினுள் இசை

1978-இல் வெளிவந்த ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ என்னும் விளையாட்டில் நான்கு ஒலிகளே மீண்டும் மீண்டும் வந்தன. பகைவர் நெருங்குந்தோறும் அவை விரைந்தன. 1985-இல் ‘சூப்பர் மரியோ பிரதர்ஸ்’ விளையாட்டிற்கு, நின்டெண்டோ நிறுவனத்தில் பணிபுரிந்த கோஜி கோண்டோ இசையமைத்தார். இங்கு ஆட்டமும் இசையும் ஒரே நிறுவனத்தின் கைப்பட்டவை.

குறுந்தட்டுகளில் விளையாட்டுகள் வெளிவரத் தொடங்கியபின் நிலை மாறிற்று. 1995-இல் வெளிவந்த ‘வைப்பவுட்’ புகழ்பெற்ற இசைக்குழுக்களின் பதிவுகளையே தன்னுட் கொண்டது. 2002-இல் ‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ: வைஸ் சிட்டி’ விளையாட்டில், ஆடுவோர் ஊர்தியில் அமர்ந்து வானொலி நிலையங்களை மாற்றி மாற்றி 1980-களின் பாடல்களைக் கேட்கலாயினர். இப்பாடல்களை நிறுவனம் விலைக்கு வாங்கவில்லை. விளையாட்டினுட் பயன்படுத்துதற்கு இசைவே பெற்றது. தன்பால் இல்லாத ஒன்றைப் பிறர்க்கு ஈதல் எவர்க்கும் இயலாது. ஆதலின், எம் விளையாட்டைப் பதிவு செய்து வெளியிடுக என நிறுவனம் மனமுவந்து கூறினும், அவ்விசைவு வானொலிப் பாடலைச் சாராது. வழக்கின் வேர் ஈண்டே உள்ளது.

4. பொறியின் வருகை

அமெரிக்காவில் 1998-இல் இயற்றப்பெற்ற டிஜிட்டல் மில்லேனியம் பதிப்புரிமைச் சட்டம், பிறர் இட்ட பொருளுக்காகத் தளத்தார் பொறுப்பேற்றலைத் தவிர்த்தது. உரியவர் அறிவித்தவுடன் அப்பொருளை நீக்குதல் அதற்கு நிபந்தனை. நீக்கப்பட்டவர் எதிரறிவிப்பு விடுக்கலாம். அதன்பின் உரியவர் வழக்குத் தொடுக்காராயின், 10 முதல் 14 வேலைநாட்களுள் அப்பொருள் மீள இடப்படும். ஆகவே இம்முறையின் இறுதியில் நீதிமன்றமே நின்றது.

2005-இல் தோன்றிய யூடியூப் மறு ஆண்டு கூகுள் நிறுவனத்தின் வயமாயிற்று. 2007-இல் வயாகாம் நிறுவனம் அதன்மேல் 100 கோடி டாலர் கோரி வழக்குத் தொடுத்தது. அவ்வாண்டே யூடியூப் ‘கன்டென்ட் ஐடி’ என்னும் பொறியமைப்பைக் கொணர்ந்தது. உரிமையாளர் தம் படைப்பின் மாதிரியை அதன்பால் ஒப்படைப்பர்; ஏற்றப்படும் காணொளிகளை அம்மாதிரியோடு பொறி ஒப்புநோக்கும். ஒத்தவிடத்துக் காணொளியைத் தடுத்தல், அதன் விளம்பர வருவாயைத் தாமே பெறுதல், பார்ப்போர் அளவை மட்டும் கண்காணித்தல் என மூன்றனுள் ஒன்றை உரிமையாளர் தெரிந்துகொள்வர். இது சட்டம் விதித்த முறையன்று. தளத்தார் தாமே வகுத்தது.

ஈண்டு ஒரு வேற்றுமையைத் தெளிதல் வேண்டும். ஒலி ஒன்றாதல் வேறு. உரிமை இன்றாதல் வேறு. முன்னதைப் பொறி அறியும். பின்னதை ஒப்பந்தத்தாலும் சட்டத்தாலுமே அறிதல் கூடும். 1989-இல் கேம்பாய் கருவிக்கு வெளிவந்த ‘டெட்ரிஸ்’ விளையாட்டில் ‘கொரோபெய்னிகி’ என்னும் உருசிய நாட்டுப்பாடலின் மெட்டு ஒலிக்கும். அம்மெட்டு அனைவர்க்கும் பொது. ஆயின் அதனை இசைத்துப் பதிந்த ஒவ்வொரு பதிவும் தனியுரிமை உடையது. பொதுமெட்டு எது, தனிப்பதிவு எது என்பதைப் பொறி பிரித்தறியாது மயங்குதற்கு இடமுண்டு.

5. 2013 முதல் 2020 வரை

2013 மே மாதத்தில் நின்டெண்டோ நிறுவனம் தன் விளையாட்டுகளின் பதிவுகள்மேல் உரிமை கோரி, விளம்பர வருவாயைத் தன்பாற் கொண்டது. 2015-இல் தனித்திட்டம் ஒன்றை வகுத்து, தனிக்காணொளிக்கு 60 விழுக்காடும், முழு அலைவரிசைக்கு 70 விழுக்காடும் பதிவாளர்க்குப் பகிர்ந்தது. 2018 இறுதியில் அத்திட்டத்தை நிறுத்திப் பொதுநெறிகளை வெளியிட்டது. வன்மையாக உரிமை கோரிய நிறுவனமும் ஆறாண்டுகளுள் இசைவு காட்டியது என்பது இதனால் விளங்கும்.

இசைபற்றிய வரலாறோ வேறு திசையிற் சென்றது. 2013 டிசம்பரில் யூடியூபில் ஆட்டப் பதிவுகள்மேல் கோரிக்கைகள் திரளாக எழுந்தன. கேப்காம், யூபிசாஃப்ட், பிளிசார்ட் முதலிய ஆக்குநரே பதிவாளர் பக்கம் நின்று, கோரிக்கைகளை எதிர்க்குமாறு அறிவுறுத்தினர். ஆக்குநர் இசைந்தும் பொறி இசையாமை இங்குத் தெளிவாயிற்று. 2014 ஆகஸ்டில் ட்விட்ச், சேமித்த ஒளிபரப்புகளில் உரிமையுள்ள இசை காணப்பட்டவிடத்து 30 நிமிடப் பகுதியை முழுமையாக ஒலியடக்கியது. விளையாட்டிற்கே உரிய இசையும் அதனுட் சிக்கிற்று. 2020 மே மாதத்திற்கு முன்னர் ஆண்டுக்கு ஐம்பதிற்கும் குறைவாக வந்த இசை அறிவிப்புகள் பின்னர் வாரந்தோறும் ஆயிரக்கணக்கில் வந்தன என அந்நிறுவனமே உரைத்தது. அவ்வாண்டு டிசம்பரில் வெளிவந்த ‘சைபர்பங்க் 2077’ விளையாட்டில், உரிமைச் சிக்கல் தரும் பாடல்களை ஆடுவோரே நிறுத்திவைக்கும் வசதி அமைந்தது.

6. மறுக்கும் முறை

பதிவாளர் முதற்கண் அறியவேண்டுவது, வந்திருப்பது பொறிவழிக் கோரிக்கையா, சட்டவழி நீக்க அறிவிப்பா என்பதாம். முன்னது பெரும்பாலும் வருவாயைப் பற்றியது. பின்னது ‘ஸ்ட்ரைக்’ எனப்படும் தண்டக் குறிப்பைத் தரும்; 90 நாட்களுள் மூன்று பெறின் அலைவரிசையே நீக்கப்படலாம். அடுத்து, இசை விளையாட்டிற்கென அமைக்கப்பட்டதா, வெளியிலிருந்து பெறப்பட்டதா எனக் காணல் வேண்டும். முன்னதாயின் ஆக்குநரின் வெளியிட்ட நெறிகள் மறுப்பிற்குச் சான்றாகலாம். பின்னதாயின் அப்பகுதியை ஒலியடக்கலோ நீக்கலோ தக்கது.

மறுப்பு எழுப்பின் கோரியவர் 30 நாட்களுள் விடையளித்தல் வேண்டும். அதனைக் கோரியவரே ஆராய்வர் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது; வழக்கிட்டவரே முதல் நடுவராதல் முன்னை வழக்குகளில் இல்லாத புதுமை. கோரிக்கை வந்த ஐந்து நாட்களுள் மறுப்பின், வழக்கு முடியுங்காறும் வருவாய் முதல்நாள் தொட்டு இருவர்க்கும் பொதுவாக நிறுத்திவைக்கப்படும். யூடியூப் வெளியிட்ட அறிக்கையின்படி, 2021-இன் முதல் அரையாண்டில் கோரிக்கைகள் 72 கோடிக்கு மேற்பட்டன. மறுக்கப்பட்டவை நூற்றுக்கு ஒன்றினும் குறைவு. மறுக்கப்பட்டவற்றுள் 60 விழுக்காடு பதிவாளர்க்குச் சார்பாக முடிந்தன. மறுக்காதார் உடன்பட்டு அமைந்தனரா, அஞ்சி அமைந்தனரா என்பதை இவ்வெண்கள் கூறா. மறுத்தோரிற் பாதிக்கு மேற்பட்டோர் வென்றனர் என்பதை மட்டும் கூறும்.

முடிவுரை

1777, 1847, 1908, 1917 ஆகிய ஆண்டுகளின் வழக்குகளில் இருதிறத்தாரும் நடுவர்முன் நின்றனர். தீர்ப்போடு அதற்குரிய காரணமும் பிறந்தது. 2007-இன்பின் முதற்றீர்ப்பைப் பொறியே வழங்குகின்றது. காரணம் கூறும் கடமை குற்றஞ்சாட்டப்பட்டவர்மேல் விழுகின்றது. இசையாளரின் உரிமை மெய்யானது. அதனைக் காக்கும் முறையே ஆராயத்தக்கது.

இவ்வாய்வு வருவாயளவில் நிற்பதன்று. ‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 4’ 2008-இல் வெளிவந்தது. பத்தாண்டு இசைவு முடிந்தமையின் 2018-இல் அதன் வானொலிப் பாடல்கள் பல நீக்கப்பட்டன. ‘ஆலன் வேக்’ என்னும் விளையாட்டோ இசை இசைவு முடிந்தமையால் 2017-இல் விற்பனையினின்றே எடுக்கப்பட்டு, 2018-இல் மீண்டது. மூலம் இவ்வாறு மாறுங்கால், அது முன்னர் ஒலித்தவாற்றையும், மக்கள் அதனை ஆடியவாற்றையும் காட்டும் சான்றுகளுள் ஆட்டப் பதிவு தலையாயது. அப்பதிவு எப்பாடலாற் சான்றாகின்றதோ அப்பாடலிருக்கும் இடமே ஒலியடக்கப்படுகின்றது. செல்லரித்த சுவடியில் எழுத்துப் போன இடங்களைக் கண்டு வருந்திய பதிப்பாசிரியரின் வழிவந்தோர்க்கு இவ்விழப்பின் அளவை விரித்துரைக்க வேண்டா.

பாடலுக்கு இசைவு பெறும்பொழுதே ஆட்டப் பதிவிற்கும் சேர்த்துப் பெறுதல் ஆக்குநர் கடன். கோருவோர் எவ்வுரிமையால் கோருகின்றனர் என முதற்கண் உரைத்தல் தளத்தார் விதிக்கவேண்டிய முறை. இவ்விரண்டும் நிகழின், இசைத்தவர்க்கு உரியது சேரும். ஆடியவர் விட்டுச்செல்லும் பதிவும் குறைவின்றி நிற்கும்.