கருவேலத்துக்குப் பேர் போன கதை

சென்னையிலிருந்து வந்த நண்பர் எங்க கண்மாய்க்குள்ள நிக்கிற கருவேலத்தைப் பார்த்து, "இது அகேசியாதானே?"ன்னு கேட்டார். 2005க்கு முன்னாடி கேட்டிருந்தா ஆமான்னு சொல்லியிருப்பேன். (சீமைக்கருவேலத்தை இதோட சேர்த்துடாதீங்க, அது வேற கூட்டம்.)

அகேசியாங்கிற பேரே இந்த மரத்துக்கு வந்ததுதான். கருவேலம் நைல் நதிக்கரையிலும் உண்டு. முதல் நூற்றாண்டில் கிரேக்க மருத்துவர் டயஸ்கோரிடிஸ் எகிப்தின் முள்மரத்தை 'அகாகியா' என்று எழுதி வைத்தார். 1753இல் லின்னேயஸ் கருவேலத்தைக் கொண்டுபோய்த் தொட்டாச்சிணுங்கியோடு மிமோசாவில் சேர்த்தார். மறுவருஷமே பிலிப் மில்லர் அகேசியாவைத் தனிப் பேரினமாக்கினார்.

அப்புறம் அந்த வீட்டுக்குள் ஆள் பெருகி, சுமார் 1,350 இனங்கள் ஆயின. மரபணுவைப் பார்த்தபோது, எல்லாம் ஒரு வயித்துப் பிள்ளைகள் இல்லைன்னு தெரிந்தது. பாகம் பிரிக்கணும். பழைய பேர் யாருக்கு? மாதிரி இனம் எந்தப் பங்கில் இருக்கோ, அதுக்குத்தான் பேர் என்பது விதி. மாதிரி இனம் நம்ம கருவேலம்.

ஆஸ்திரேலியாவுக்கு அது ஒத்துவரலை. அங்கே மட்டும் தொள்ளாயிரத்துக்கு மேல் இனங்கள். அத்தனைக்கும் பேர் மாற்றணுமே! மாதிரி இனத்தையே மாற்றி, ஆஸ்திரேலிய மரம் ஒன்றை வைக்கலாம் என்றார்கள். ஆப்பிரிக்கா பக்கம் கடும் எதிர்ப்பு. 2005 வியன்னா தாவரவியல் மாநாட்டில் ஓட்டெடுப்பு. மாற்றக் கூடாது என்றவர்கள் 54.9 சதவீதம். ஆனாலும் தோற்றார்கள்! குழுவின் பரிந்துரையைத் தள்ள 60 சதவீதம் வேணுமாம். எனக்கு இது இன்னும் செரிக்கலை. 2011 மெல்போர்ன் மாநாடும் அதையே உறுதி பண்ணிவிட்டது.

கருவேலம், வெள்வேலம், குடைவேலம் எல்லாம் இப்போ 'வச்செல்லியா'. இந்தப் பேரில் நம்ம ஊர் சம்பந்தம் இருக்கு. மதராஸில் கம்பெனி மருத்துவராக இருந்த ராபர்ட் வைட், ஆர்னாட்டோடு சேர்ந்து 1834இல் தென்னிந்தியத் தாவரங்கள் பற்றி ஒரு புத்தகம் போட்டார். அதில் கஸ்தூரிவேலத்துக்கு மட்டும் தனியாக வைத்த பேர் அது. சீனாவில் செடி சேகரித்த வச்செல் என்ற பாதிரியார் நினைவாக வைத்தது. ரொம்ப காலம் யாரும் சீண்டாமல் கிடந்த பேர், பாகப்பிரிவினையில் கைக்கு வந்தது. சீகைக்காய் 'செனகாலியா' பக்கம் போயிடுச்சு.

'அகாகியா'வுக்கு வேர்ச்சொல் கிரேக்கத்தில் முள் என்பார்கள். ரோட்டோரம் நட்டிருக்கிற ஆஸ்திரேலியாக் கத்திசவுக்கைக் கவனிச்சுப் பாருங்க, ஒரு முள் கிடையாது. அதுதான் இப்போ அகேசியா.