ஓவியம் காட்டும் பள்ளிவாசல்

வரலாற்றைக் கற்போர் கல்வெட்டையும் செப்பேட்டையும் சான்றாகக் கொள்வர். ஓவியமும் அத்தகைய சான்றே. எனினும், கல்வெட்டைப் படிக்க எழுத்துப் பயிற்சி வேண்டுவதுபோல், ஓவியத்தைப் படிக்கவும் பயிற்சி வேண்டும்.

பிரெஞ்சு ஓவியர் ழான் லியோன் ஜெரோம் (1824-1904) 1871ஆம் ஆண்டில் தீட்டிய 'பள்ளிவாசலில் தொழுகை' இதற்கு ஏற்ற எடுத்துக்காட்டாகும். நியூயார்க் நகரின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ள இவ்வோவியம், கெய்ரோவின் அம்ர் பள்ளிவாசலைக் காட்டுகிறது. தூண்களும் வளைவுகளும் நீண்டு செல்கின்றன. மேலிருந்து விளக்குகள் தொங்குகின்றன. மக்கள் வரிசை வரிசையாக மக்காவை நோக்கி நிற்கின்றனர். பணியாளர் சூழ வந்த பெருமகனும், இடைத்துணி மட்டுமே உடுத்த துறவியும் அங்கே ஒன்றாகத் தொழுகின்றனர். இறைவன் திருமுன் உயர்வு தாழ்வு இல்லை என்னும் இசுலாமிய நெறிக்கு இக்காட்சி அழகிய விளக்கமாகிறது.

இனி, சான்றின் எல்லையை நோக்குவோம். ஜெரோம் 1868இல் எகிப்துக்குச் சென்றவர். ஓவியமோ மூன்றாண்டுகள் கழித்து உருவானது. ஆகவே இது, கண்ட காட்சியை அக்கணமே பதித்த படம் அன்று. பின்னர் எண்ணி அமைத்த கோலம். ஐரோப்பியர் கீழைநாட்டுக் காட்சிகளைப் பெரிதும் விரும்பி வாங்கிய காலம் அது. எட்வர்டு செயித் 1978இல் வெளியிட்ட நூலுக்குப் பின், இத்தகைய ஓவியங்களில் கீழைநாடு எந்த அளவு, மேலைநாட்டார் கற்பனை எந்த அளவு என்னும் வினா வலுப்பெற்றது.

கட்டடத்திற்கும் ஒரு வரலாறு உண்டு. கி.பி. 642ஆம் ஆண்டளவில் அம்ர் எழுப்பிய முதற்பள்ளிவாசல் மிக எளியது. பிற்காலத்தார் அதனைப் பலமுறை விரித்தும் புதுக்கியும் கட்டினர். பழைய கட்டடங்களின் தூண்களையும் எடுத்து அமைத்தனர். எனவே ஓவியத்திற் காணும் மண்டபத்தை ஏழாம் நூற்றாண்டுக் கட்டடமெனக் கருதுதல் பிழையாகும்.

பள்ளிவாசல் என்றாலே இவ்வோவியத்தின் வடிவமே என்று மாணவர் எண்ணிவிடலாகாது. கீழக்கரைப் பழைய ஜும்மா பள்ளிவாசலின் கல்தூண்கள் தமிழகக் கோயில் மண்டபங்களை நினைவூட்டுவன. பினாங்கின் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், 1801ஆம் ஆண்டளவில் காதர் மைதீன் மரைக்காயர் தலைமையில் தமிழ் முசுலிம்கள் தோற்றுவித்தது. ஜொகூர் பாருவில் 1892இல் தொடங்கி 1900இல் நிறைவுற்ற சுல்தான் அபு பக்கார் பள்ளிவாசலோ விக்டோரியாக் காலத்து ஆங்கிலக் கட்டடச் சாயல் கொண்டது. தொழுகை ஒன்று, கட்டடமோ அவ்வம் மண்ணின் கைவண்ணம்.

ரெங்கம் போன்ற ஊர்களின் தமிழ்ப்பள்ளி மாணவர்க்கு ஜொகூர் பாருப் பள்ளிவாசல் எட்டாத் தொலைவில் இல்லை. ஆசிரியர் ஜெரோமின் ஓவியத்தையும் அப்பள்ளிவாசலின் படத்தையும் அருகருகே வைத்து, வரைந்தவர் யார், எப்பொழுது வரைந்தார், யார் காண வரைந்தார், எதனை விடுத்தார் என வினவச் செய்வாராக. அண்டை வீட்டாரின் வழிபாட்டை அயல்நாட்டார் தூரிகை வழியே மட்டும் அறியும் குறையும் அதனால் நீங்கும்.