கையொப்பத்தின் எல்லை: தானியங்கிப் பற்று ஆணையும் கொங்குக் கடனாளியின் உரிமையும்

தவணைத் தொகையைக் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ளக் கடனாளி ஒருமுறை கையொப்பமிட்டுவிட்டால், அதன்பின் கடன் நிறுவனம் எடுக்கும் எந்தத் தொகையையும் அனுமதியற்ற பற்று என்று வழக்காட இயலாது என்ற கருத்து வங்கிச் சட்ட ஆய்வுகளில் வேரூன்றியிருக்கிறது. அனுமதியற்ற மின்னணுப் பரிவர்த்தனைகளில் வாடிக்கையாளரின் பொறுப்பைக் கட்டுப்படுத்தும் ரிசர்வ் வங்கியின் 06.07.2017 சுற்றறிக்கை முகந்தெரியாத மோசடிக்காரர்களுக்கு எதிரானது, கடன் கொடுத்தவருக்கு எதிரானதன்று என்பது அதன் துணைவாதம். இரண்டுமே பிழை என்பது என் முடிவு. அதற்கான சான்று, தவணையைக் கணக்கிலிருந்து தானாக எடுக்க வழிசெய்யும் நாச் (NACH, தேசிய தானியங்கித் தீர்வகம்) ஆணைப் படிவத்திலேயே உள்ளது.

கோவையிலும் திருப்பூரிலும் வண்டிக் கடன் வாங்குவோர் அந்தப் படிவத்தை இன்னமும், பழைய முறையின் பெயரால், ‘ஈசிஎஸ் ஃபார்ம்’ என்றே சொல்கிறார்கள். கடன் தாள்களின் நடுவே, பெருக்கல் குறி போட்ட இடங்களில் எல்லாம் கையெழுத்து வாங்கும்போது அதுவும் முடிந்துவிடும். தொகை நிலையானதா உச்சவரம்பா, மாதம் ஒருமுறையா முன்வைக்கும்போதெல்லாமா என்று அதில் கட்டங்கள் உண்டு. உச்சவரம்பு, முன்வைக்கும்போதெல்லாம் ஆகிய இரண்டும் குறிக்கப்பட்டிருந்தால் அது தொகை நிரப்பாத காசோலைக்குச் சமம் என்கிறார்கள் முன்னைய ஆய்வாளர்கள். உச்சவரம்பைத் தாண்டிய பற்றைக் கணினியே திருப்பிவிடும். ஆகவே உண்மையான தகராறு வரம்புக்கு உள்ளேதான் எழுகிறது: நிலுவைக்கு மேல் எடுத்த தொகை, கடன் முடிந்தபின் எடுத்த தவணை, ஒரே தவணைக்கு மீண்டும் மீண்டும் முன்வைத்தல்.

இங்கே படிவத்தின் இரண்டு பகுதிகளை முன்னையோர் கவனிக்கத் தவறினர். ஒன்று, கடன் கணக்கு எண் எழுதும் குறிப்புக் கட்டம். இசைவு அந்தக் கடனுக்கு மட்டுமே என்பதை அது காட்டுகிறது. கடன் தீர்ந்தால் இசைவும் தீர்கிறது. மற்றொன்று, அடியிலுள்ள உறுதிமொழி. ஆணையை ரத்து செய்யவோ திருத்தவோ கடன் நிறுவனத்திடமும் சொல்லலாம், கணக்குள்ள வங்கியிடமும் சொல்லலாம் என்கிறது அது. அப்படியிருக்க, “ஃபைனான்ஸில் போய்க் கேளுங்கள்” என்று வாடிக்கையாளரைத் திருப்பியனுப்பும் வங்கிக் கிளை, தான் நம்பியிருக்கும் ஆவணத்தையே மீறுகிறது.

கொங்குப் பகுதியில் இது ஏட்டு விவகாரம் அன்று. திருப்பூர் பனியன் தொழிலில் சனிக்கிழமை வாரச் சம்பளம் வழக்கம். தவணையோ மாதத் தேதியில் விழுகிறது. 01.08.2021 முதல் நாச் ஞாயிறும் விடுமுறையும் இன்றி இயங்குகிறது. சனியன்று கணக்கில் ஏறிய கூலி ஞாயிறன்றே போய்விடலாம். பணம் போதாமல் திரும்பினால் வங்கி ஒரு கட்டணம், கடன் நிறுவனம் ஒரு கட்டணம். மறுபடி முன்வைத்தால் மறுபடியும் கட்டணம். ஒரு வாரக் கூலியில் அரிசி, வாடகை, பள்ளிக் கட்டணம் எல்லாம் அடங்க வேண்டிய வீட்டில் இது எத்தகைய கொடுமை என்பதைச் சட்ட எழுத்துகள் பேசியாக வேண்டும்.

2017 சுற்றறிக்கைக்கு வருவோம். அனுமதியற்ற பரிவர்த்தனை என்பதற்கு அது வரையறை தரவில்லை. எடுத்தவர் அந்நியராக இருக்க வேண்டும் என்றும் சொல்லவில்லை. குறை வங்கியிடமோ வாடிக்கையாளரிடமோ இல்லாமல் அமைப்பின் வேறிடத்தில் இருந்தாலும், 3 வேலை நாள்களுக்குள் தெரிவித்தவருக்குப் பொறுப்பு இல்லை. 10 வேலை நாள்களுக்குள் தொகை தற்காலிகமாக வரவு வைக்கப்பட வேண்டும். வாடிக்கையாளரின் பொறுப்பை நிறுவும் சுமை வங்கியுடையது. முடிந்த கடனுக்கு எடுத்த தவணை இதற்குள் அடங்காது என்பதற்கு வாசகத்தில் ஆதாரமில்லை. நிலுவைக்குள்ளும் வரம்புக்குள்ளும் எடுத்த தொகைக்கு இவ்வாதம் பொருந்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆணையை ரத்து செய்தால் 2007ஆம் ஆண்டுப் பணம் செலுத்தல், தீர்வு முறைமைகள் சட்டத்தின் 25ஆம் பிரிவில் வழக்கு வரும் என்று அச்சுறுத்துவது உண்டு. அப்பிரிவுக்கு ஒரு கடன் அல்லது பொறுப்பு இருந்தாக வேண்டும். இல்லாத கடனுக்கு அது பாயாது. எல்லாக் கடனாளிகளும் ரத்து செய்யக் கிளம்பிவிடுவார்கள் என்ற வாதமும் வலுவற்றது. ரத்து கடனை அழிப்பதில்லை, வசூல் வழியை மட்டுமே மாற்றுகிறது.

எங்கே முறையிடுவது என்பதில்தான் கவனம் வேண்டும். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற ஒப்பந்தம் என்று வழக்கிட்டால் மாநில ஆணையத்துக்குச் செல்ல நேரும். சேவைக் குறைபாடு என்று வங்கியையும் கடன் நிறுவனத்தையும் சேர்த்து வழக்கிட்டால், நிறுவனத்தின் தலைமையகம் மும்பையில் இருந்தாலும், புகார்தாரர் வசிக்கும் கோவையிலேயே மாவட்ட ஆணையத்தில் தொடரலாம். அங்கு முதலில் கோர வேண்டியது ஆணைப் படிவத்தின் நகலும், பற்று நாளன்று இருந்த நிலுவைக் கணக்கும்.