உடுத்தியதற்கு விலையில்லாத வட்டாரம்: குன்னத்தூரில் மறுபயன்பாடு குறித்து

பழைய உடையை வாங்குகிறவர் புதிய உடையைத் தவிர்க்கிறார், அதனால் நீரும் மின்சாரமும் மிச்சமாகின்றன என்பது மறுபயன்பாட்டு ஆய்வுகள் பலவற்றின் அடிப்படை. லாரா ஃபாரன்ட் குழுவினர் 2010இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஓர் அளவு கண்டது: 100 பழைய உடைகள் விற்றால் 60 முதல் 85 புதிய உடைகள் வரை தவிர்க்கப்படும், உடை எந்த நாட்டில் உடுத்தப்படுகிறது என்பதைப் பொறுத்து இது மாறும். திருப்பூரிலிருந்து கோபி செல்லும் சாலையில், பெருமாநல்லூருக்கு அப்பால் உள்ள குன்னத்தூரில் இந்தக் கணக்கு செல்லாது என்பது என் வாதம்.

காரணம் எளிது. ஏற்றுமதி ஆர்டருக்குக் கூடுதலாகத் தைத்தவை, தையல் பிசகியவை, ஆர்டர் ரத்தாகித் தேங்கியவை எல்லாம் திருப்பூர் காதர்பேட்டையில் மொத்த விலைக்குப் போகின்றன. அங்கிருந்து பண்டல் பண்டலாகச் சுற்றுப்புறச் சந்தைகளுக்கும் சாலையோரக் கடைகளுக்கும் பரவுகின்றன. யாரும் உடுத்தாத டி-சர்ட் இத்தனை மலிவாகக் கிடைக்கும்போது, ஒருவர் உடுத்திக் கழித்த பனியனை இன்னொருவர் ஏன் காசு கொடுத்து வாங்குவார்? கானாவின் அக்ரா நகரில் காண்டமாண்டோ சந்தை தழைப்பதற்கு வெளிநாட்டுப் பழந்துணி வரத்தே ஆதாரம். இந்தியாவிலோ உள்நாட்டு விற்பனைக்காகப் பழைய உடைகளை இறக்குமதி செய்யக் கட்டுப்பாடு உண்டு. காண்ட்லாவில் தரம் பிரிக்கப்படும் பழந்துணியில் பெரும்பகுதி மறு ஏற்றுமதிக்கும், கிழித்துக் கந்தலாக்கியது பானிபட்டின் நூலாலைகளுக்கும் போகிறது.

பிறர் உடுத்தியதைத் தொட நம்மவர்கள் கூச்சப்படுவார்கள் என்று இதற்குப் பண்பாட்டு விளக்கம் தருவதுண்டு. அது பாதி உண்மைதான். அண்ணன் சட்டை தம்பிக்கு வருகிறது; தாத்தாவின் நைந்த வேட்டி குழந்தைக்கு விரிப்பாகிறது; அம்மாவின் பழம்புடவை தூளியாகிறது. வீட்டில் பழைய ஓவர்லாக் மெஷினைப் போட்டுத் தொழில் தொடங்குகிறவருக்கும், பழைய பைக் வாங்குகிறவருக்கும் எந்தக் கூச்சமும் இல்லை. புதிதின் விலை எட்டாத இடத்தில் பழையது மதிப்போடு கைமாறுகிறது. ஆனால் துணியின் கதையில் இன்னொன்றும் உண்டு. கொங்குப் பண்ணையங்களில் வேலை செய்த ஆட்களுக்குப் பண்ணைக்காரர் வீட்டுப் பழந்துணி கூலியோடு சேர்ந்து கிடைத்தது. அதில் சாதியும் அடங்கியிருந்தது. அவர்களின் பிள்ளைகள் இன்று சொந்தக் காசில் புதுச் சட்டை வாங்குவதைப் பசுமையின் பெயரால் யாரும் குறை சொல்ல முடியாது. பழையதை உடுத்துங்கள் என்ற உபதேசம் யாரை நோக்கிப் போகிறது என்பதைச் சூழலியலார் அதிகம் யோசிப்பதில்லை.

வட்டாரத் தொழில்துறை பெருமையோடு சொல்லும் மறுசுழற்சி வேறு வகை. கட்டிங் வேஸ்ட்டை நிறம் நிறமாகப் பிரித்துப் பஞ்சாக்கி, ஓ.ஈ. (ஓப்பன் எண்ட்) நூற்பு மில்களில் மீண்டும் நூலாக்குகிறார்கள். துணியில் ஏற்கெனவே ஏறிய சாயமே நூலுக்கும் நிறம் தருவதால், பல ரகங்களுக்குச் சாயப்பட்டறை தேவைப்படுவதில்லை. இது உண்மையான சாதனை. ஆனால் உடுத்திய துணிக்கு இந்த வழி எளிதில் திறப்பதில்லை. பாலியஸ்டர் கலப்பு, எலாஸ்டிக், பிரிண்ட், பட்டன், ஜிப் எல்லாம் பிரிப்புச் செலவைக் கூட்டுகின்றன. வெட்டுத் துண்டு இன்ன துணி என்பது கம்பெனிக்குத் தெரியும். வீட்டில் கழித்த பனியனுக்கு அந்த அடையாளம் இல்லை.

காதர்பேட்டைச் சட்டையைப் பழைய பொருளின் பட்டியலில் சேர்ப்பதும் பிழை. அதைத் தயாரிக்கச் செலவான நீர் செலவானதுதான். 1992இல் நொய்யல் ஆற்றின் குறுக்கே கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, திருப்பூரின் சாயக்கழிவு தேங்கியதால் பாசனத்துக்கு உதவாமற்போனது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. கழிவுநீரை வெளியேற்றாமல் சுத்திகரிக்கும் இன்றைய முறை ஆற்றைக் காக்கிறது; ஆனால் மின்சாரத்தையும் விறகையும் தின்கிறது, கலவை உப்பையும் மிச்சம் வைக்கிறது. மிகுதிச் சட்டையை வாங்கியவர் அதனால் வேறொரு புதுச் சட்டையைத் தவிர்த்தால் மட்டுமே இந்தச் செலவில் ஏதேனும் குறையும். மலிவாக இருக்கிறதே என்று மூன்றாக வாங்கினால் ஒன்றும் குறையாது.

ஆகவே இந்த வட்டாரத்துக்குப் பொருத்தமான அளவுகோல், ஓர் உடை கந்தலாகும்வரை எத்தனை ஆண்டு உழைக்கிறது என்பதுதான். இங்கே ஆய்வு செய்ய வருகிறவர்கள் கடைக் கணக்கை விட்டு வீட்டு அலமாரியை அளக்கத் தொடங்க வேண்டும்.