இலங்கையின் மின் உற்பத்தித் திட்டமிடல்

எந்த ஆண்டில், எவ்வளவு கொள்ளளவில், எந்த எரிபொருளில் புதிய மின்நிலையம் வேண்டும் என்பதை 20 ஆண்டுகளுக்கு முன்கூட்டியே கணித்துச் சொல்வது இலங்கையின் நீண்டகால மின் உற்பத்தி விரிவாக்கத் திட்டம். 1969-இல் நிறுவப்பட்ட இலங்கை மின்சார சபை இதைத் தயாரித்து வந்தது. 2009-ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம் இதற்குப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவின் ஒப்புதலைக் கட்டாயமாக்கியது. 2030-க்குள் மின்சாரத்தில் 70 சதவீதம் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து கிடைக்கவேண்டும், 2050-க்குள் கரிமச் சமநிலை எட்டவேண்டும் என்பவை அரசு அறிவித்துள்ள இலக்குகள்.

கரிமம் இல்லாத மின்சாரம் இத்தீவுக்குப் புதிதன்று. மலைநாட்டு ஆறுகளிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918-இலேயே எடுத்துச் சொன்னார். லக்ஷபான நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியதோ 1950-இல். 1980-களில் மகாவலித் திட்டத்தின் கீழ் 210 மெகாவாட் விக்டோரியா, கொத்மலை போன்ற நீர்மின் நிலையங்கள் எழுந்தன. 1990-களின் நடுப்பகுதி வரை நாட்டின் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் நீரிலிருந்தே வந்தது. 1996-இல் மழை பொய்த்தபோது மணிக்கணக்கில் மின்வெட்டு. அதன்பின் டீசல், உலை எண்ணெய் நிலையங்கள் அவசரத்தில் பெருகின. வறட்சிதான் இலங்கையைப் புகைக்குத் தள்ளியது எனலாம்.

எண்ணெயின் விலை தாங்காமல் திட்டமிடுவோர் நிலக்கரியைக் கேட்டார்கள். சீனக் கடனில் கட்டப்பட்ட நுரைச்சோலை நிலையம் 2011-இலிருந்து 2014-க்குள் மூன்று அலகுகளாக 900 மெகாவாட்டை எட்டியது. அங்கே நிலக்கரிக் கப்பல் கரைக்கு வருவதில்லை. கடலில் தள்ளி நின்று படகுகளுக்கு மாற்றிவிடும். தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் அது முடியாது. எனவே அந்த மாதங்களுக்கான இருப்பை முன்பே குவித்துவைக்க வேண்டும். மலையில் பெய்யும் மழையிலிருந்து விடுபடக் கட்டிய நிலையம் கடலில் வீசும் பருவக்காற்றுக்குக் கட்டுப்பட்டது.

சம்பூரில் இந்தியாவுடன் சேர்ந்து கட்டவிருந்த 500 மெகாவாட் நிலக்கரி நிலையம் 2016-இல் கைவிடப்பட்டது. மறு ஆண்டு ஆணைக்குழு புதிய நிலக்கரி நிலையங்களை நீக்கியே திட்டத்துக்கு ஒப்புதல் தர, சபையின் பொறியியலாளர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். குறைந்த செலவு என்பதில் எரிபொருள் விலையை மட்டும் சேர்ப்பதா, புகையின் கேட்டையும் சேர்ப்பதா என்பதே வழக்கு. 2021-இல் புதிய நிலக்கரி நிலையம் இல்லையென்று அரசு உலக அரங்கில் உறுதி கூறியது. 2022 மார்ச் இறுதியில், எரிபொருள் வாங்க அந்நியச் செலாவணி இன்றி, நாளுக்கு 13 மணிநேரம் வரை மின்சாரம் நின்றது. இறக்குமதி எரிபொருளை நம்புவதன் விலை அப்போது எல்லார் வீட்டுக்கும் தெரிந்தது.

இன்றைய சிக்கல் மெகாவாட்டில் இல்லை, நேரத்தில் இருக்கிறது. கூரைச் சூரியத்தகடுகள் 1,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டன. நண்பகலில் அவை பொங்குகின்றன. விளக்கேற்றும் நேரத்தில், தேவை உச்சம் தொடும்போது, ஒன்றும் தருவதில்லை. 2025 பெப்ரவரி 9, ஞாயிறு முற்பகல் தீவு முழுவதும் இருண்டது. பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததே காரணம் என்றார் அமைச்சர். நாடே சிரித்தது. ஆனால் விடுமுறைநாளின் குறைந்த தேவையில் சூரிய மின்சாரத்தின் பங்கு மிகுந்து, கட்டமைப்பின் அதிர்வெண்ணைத் தாங்கிப்பிடிக்கும் கனத்த சுழலிகள் குறைவாக ஓடியதே ஒரு சிறு பழுதைப் பேரிருளாக்கியது. அதே ஆண்டு சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், பகலில் கூரைத் தகடுகளை நிறுத்திவைக்குமாறு சபையே வாடிக்கையாளரைக் கேட்டுக்கொண்டது.

மன்னார்த் தீவின் 103.5 மெகாவாட் தம்பபவனி காற்றாலை, நாட்டின் வளமான காற்று எங்கே என்பதைக் காட்டியது. ஆனால் அத்தீவு வலசைப் பறவைகளின் வழியும்கூட. மேலும் காற்றாலைகள் கூடாதென்று மன்னார் மக்கள் போராடியிருக்கிறார்கள். பகல் மின்சாரத்தைச் சேமிக்க அரநாயக்கப் பகுதியில் 600 மெகாவாட் மகா ஓயா நீரேற்று மின்நிலையம் திட்டத்தில் உள்ளது. மின்கலங்களும் கணக்கில் வந்துவிட்டன.

பல பத்தாண்டுகளாகப் பேசப்படும், இந்தியாவுடனான மின் இணைப்புக்கு 2025 ஏப்ரலில் புரிந்துணர்வு ஒப்பந்தம் கையெழுத்தானது. முன்னைய ஆய்வுகள் மதுரையையும் அனுராதபுரத்தையும் இணைக்கும் தடத்தைப் பரிசீலித்தன. தமிழ்நாட்டிலும் வெயில் அதே வேளையில்தான் அடிக்கிறது. ஆகவே மிஞ்சும் பகல் மின்சாரத்துக்கு அங்கே நல்ல விலை எதிர்பார்க்க முடியாது. மாலையில் அங்கிருந்து வாங்குவது பெரும்பாலும் நிலக்கரி மின்சாரமாகவே இருக்கும்.